டியூக்கின் இடது கையுறை

தேர்வாய் கண்டிகை
5-6-2024

அன்புள்ள அக்காவுக்கு,

பூமிகா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, நின்று நின்று கால்தான் வீங்குகிறது. நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? ஊரில் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அப்பா நாற்று விட்டாரா?

போன் பண்ணாமல் கடிதம் எழுதுகிறேன் என்று சிரிக்காதே. கம்பெனி ஹாஸ்டலில் சேர்ந்த அன்றே போனை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் தருவார்கள், அதுவும் வார்டன் எதிரில், ஸ்பீக்கரில் பேச வேண்டும். கடிதத்தை மட்டும் யாரும் தொடுவதில்லை. இந்தக் காலத்தில் கடிதம் எழுத ஒருத்தி இருப்பாள் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

அறையில் பன்னிரண்டு பேர், ஆறு கட்டில். என் கட்டிலில் பகலெல்லாம் நைட் ஷிப்ட் பெண் தூங்குகிறாள். அவள் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் நான் படுக்கிறேன்.

நீ எழுதி அச்செடுத்துக் கொடுத்த கதையை இங்கே உரக்கப் படிக்கிறேன். வின்டர்ஃபீல்டு மாளிகையின் பதினோராம் டியூக் செத்த பிறகும் படிக்கட்டில் நின்று டீச்சர் எலினோரைப் பார்க்கிறானே, அந்த இடத்தில் எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு கேட்கிறார்கள். ஸ்ரீஜா என்று ஒருத்தி, எனக்கு அடுத்த மிஷின். ஆரம்பாக்கம் தாண்டி ஊர், அப்பாவை நைனா என்பாள். அவள் மட்டும் நடுவில் புகுந்து, "அக்கா, அந்த டியூக்கு ஊட்ல வேலை செய்றவங்கல்லாம் எங்க தூங்குவாங்க?" என்று கேட்டாள். மற்றவர்கள் அவளை அடிக்கப் போய்விட்டார்கள். அவளுக்குப் பதிலை நீ எழுது. அடுத்த அத்தியாயங்களையும் அனுப்பு.

உன் தங்கை,
பூமிகா

*

செவ்வாப்பேட்டை
14-6-2024

அன்புள்ள பூமிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாங்கள் நலம். அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடக்கிறாள். காலை வெந்நீரில் வைத்து உட்கார்.

ஸ்ரீஜாவிடம் சொல்: சமையல்காரர்கள் நிலவறையில், வேலைக்காரப் பெண்கள் கூரைக்கு அடியில். குளிர்காலத்தில் குடத்துத் தண்ணீர் உறைந்துவிடும். படித்திருக்கிறேன், எழுதியதில்லை. ஒரு முறை அடுப்புக்கரி சுமக்கும் பெண்ணை வைத்து ஒரு பக்கம் எழுதினேன். செல்போன் கதை ஆப்பில் என் தொடரைப் பார்த்துக்கொள்ளும் ஸம்பத்குமார் உடனே போன் செய்தார். "மேடம், ஏழை வந்தா வியூ இறங்குது." அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன்.

என் கதை நடக்கும் ரீஜென்சி காலம் என்பது இங்கிலாந்தில் ராஜாவுக்குப் பைத்தியம் பிடித்து மகன் ஆட்சி செய்த பத்து வருஷம். அந்தப் பத்து வருஷத்தில் உலகத்தில் என்னென்னவோ நடந்தது. எங்களுக்கு வேண்டியது நடனம், குதிரை வண்டி, கையுறை. அவ்வளவுதான். நான் பனியைப் பார்த்ததில்லை. மீன் பெட்டியிலிருந்து உடைந்து விழும் ஐஸைப் பார்த்து எழுதுகிறேன். குக்கர் மூன்றாவது விசில் அடிப்பதற்குள் எலினோர் மயங்கி விழ வேண்டும், ஏனென்றால் அதற்குப் பிறகு உன் மாமாவுக்குச் சோறு கட்ட வேண்டும்.

ஏன் பேய் என்று நீ ஒரு முறை கேட்டாய். முதல் தொடரில் கதாநாயகன் உயிரோடுதான் இருந்தான். அவன் அவளிடம், இன்று உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு, பதில் முடியும்வரை காத்திருந்தான். நம்பும்படி இல்லை என்று வாசகிகள் எழுதினார்கள். அடுத்த தொடரில் அவனைச் சாகடித்தேன். அதே வசனத்தைப் பேசினான். எல்லாரும் நம்பினார்கள். எலெக்ட்ரிக் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து போனில் அதைப் படித்து அழுத ஒரு பெண்ணை நானே பார்த்தேன். எழுதியவள் நான்தான் என்று சொல்லவில்லை. ரோஸ்மேரி என்கிற புனைபேருக்குள் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நான் செய்வது டேட்டா என்ட்ரி என்றுதான் உன் மாமாவே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

35 முதல் 40 வரை உள்ள அத்தியாயங்கள் இத்துடன் இருக்கின்றன. ஆப்பில் வருவதற்கு முன்பே உங்கள் அறைக்கு வந்துவிடுகிறது, பெருமைப்பட்டுக்கொள்.

அக்கா,
சுமலதா

*

தேர்வாய் கண்டிகை
12-7-2024

அக்கா,

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஸ்ரீஜாவின் இடது கை தகடு அழுத்தும் பிரஸ் மிஷினில் மாட்டியது. மூன்று விரல் போய்விட்டது. நான் பக்கத்து மிஷினில் இருந்தேன்.

எப்படி நடந்தது என்று எழுதுகிறேன், யாரிடமாவது சொல்ல வேண்டும். கம்பெனி தருவது ஆம்பளை சைஸ் கையுறை. விரல் நுனி காலியாகத் தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு சின்னக் கிளிப்பை எடுக்க முடியாது. எல்லாரும் இடது கையில் மட்டும் கழற்றிவிடுவோம். சூப்பர்வைசர் கேசவுக்குத் தெரியும். மிஷின் முன்னால் ஒரு சென்சார் இருக்கிறது. கை உள்ளே போனால் மிஷின் நின்றுவிடும். அடிக்கடி நின்றால் எண்ணிக்கை குறையும். அதனால் சென்சாரை நிறுத்தி வைக்கும் சாவியைத் திருப்பிவிட்டு, கேசவ் அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். அன்றைக்கும் திருப்பினான். நான் பார்த்தேன். ஸ்ரீஜா, "சார், நின்னா நிக்கட்டும் சார், பயமா கீது" என்றாள். அவன், "உன் கைய நீ பாரு, என் கணக்க நான் பாக்கறேன்" என்றான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு மேஜையில் அவளுடைய இடது கையுறை இருந்தது. சாம்பல் நிறம், உள்ளங்கையில் ரப்பர். அந்த ரப்பரால் அது மடங்கவில்லை. உள்ளே கை இருப்பது மாதிரி, ஐந்து விரலோடு நிமிர்ந்து நின்றது. அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

மற்றவை பிறகு. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

பூமிகா

*

செவ்வாப்பேட்டை
20-7-2024

அன்புள்ள பூமி,

படித்ததிலிருந்து கை ஓடவில்லை. நீ பத்திரமாக இரு. ஊரில் சொல்லவில்லை, சொன்னால் அப்பா வயலை விட்டுவிட்டு உன்னைக் கூட்டிவரக் கிளம்பிவிடுவார். ஸ்ரீஜா எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்? கூட யார்?

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அந்தக் கையுறை எவ்வளவு நேரம் அப்படி நின்றது? விரல்கள் விரிந்திருந்தனவா, குவிந்திருந்தனவா? யார் எடுத்தார்கள்?

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

தேர்வாய் கண்டிகை
26-7-2024

அக்காவுக்கு,

நலம். ஸ்ரீஜாவைச் சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவள் நைனா கூட இருக்கிறார்.

கையுறை ஷிப்ட் முடியும்வரை நின்றது. விரல் கொஞ்சம் குவிந்து, யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. துடைக்க வந்த அம்மா தொட மாட்டேன் என்றாள். கடைசியில் நான்தான் எடுத்தேன்.

ஏன் கேட்டாய்?

கம்பெனியில் ஐயரைக் கூட்டிவந்து அந்த மிஷினுக்கு ஹோமம் செய்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மறுநாள் அதே மிஷினில் புதுப் பெண்ணை நிறுத்தினார்கள். சாவி இன்னும் கேசவின் சட்டைப்பையில்தான்.

பூமிகா

*

செவ்வாப்பேட்டை
2-8-2024

அன்புள்ள பூமி,

நாங்கள் சுகம். மழை வரும்போல இருக்கிறது, துணி காயவில்லை.

41ஆம் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆப்பில் வரும். இதுவரை எழுதியதில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று ஸம்பத்குமார் சொல்கிறார். நேரம் இருக்கும்போது படி. உரக்கப் படிக்க வேண்டும் என்றில்லை.

அக்கா

*

தேர்வாய் கண்டிகை
11-8-2024

சுமலதாவுக்கு,

உரக்கத்தான் படித்தேன். நீ வேண்டாம் என்று எழுதியது ஏன் என்று பாதியில்தான் புரிந்தது.

எலினோர் இடது கையுறையைக் கழற்றினால்தான் டியூக் கண்ணுக்குத் தெரிவான். பியானோ மேல் அவனுடைய சாம்பல் நிறக் கையுறை, உள்ளே கை இருப்பது மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. விரல் குவிந்து அவளைக் கூப்பிடுகிறது. அறையில் எல்லாரும் அழுதார்கள். யாருக்காக என்று நினைக்கிறாய்? டியூக்குக்காக. நான்கு வாரத்துக்கு முன் அதே மாதிரி ஒரு கையுறையைத் தாண்டி நடந்த பெண்கள், அக்கா. அவர்களுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு நீ வெள்ளைப் பவுடர் பூசிவிட்டாய்.

அவள் கத்தினது எங்கே? கேசவ் எங்கே? சாவி எங்கே? அதெல்லாம் உனக்கு வேண்டாம். அழகாக இருந்ததை மட்டும் பொறுக்கிக்கொண்டாய். விரல் விரிந்திருந்ததா குவிந்திருந்ததா என்று நீ கேட்டாயே, நான் உட்கார்ந்து யோசித்து யோசித்துப் பதில் எழுதினேனே. அதை நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இனிமேல் அத்தியாயம் அனுப்பாதே.

பூமிகா

*

செவ்வாப்பேட்டை
19-8-2024

பூமிகாவுக்கு,

நலம் விசாரித்தால் அதற்கும் திட்டுவாய். இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

உனக்குக் கோபப்பட உரிமை இருக்கிறது. எனக்கும் கொஞ்சம் இருக்கிறது. ஸ்ரீஜாவின் விரலை நடந்தது நடந்தபடி எழுதினால் எழுபது பேர் படிப்பார்கள். டியூக்கின் கையாக எழுதினேன், எழுபதாயிரம் பேர் படித்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியாவது காலி கையுறையைப் பார்த்தால் இனி நெஞ்சு பதறுவாள். இது ஒன்றுமே இல்லையா?

நான் மாளிகையில் உட்கார்ந்து எழுதவில்லை. மாமியார் கூப்பிடும்போதெல்லாம் எழுந்து போய்விட்டு வந்து எழுதுகிறேன். என் கையில் கிடைப்பதை வைத்துத்தான் எழுத முடியும். நீ கடிதத்தில் கொடுத்தாய், நான் எடுத்தேன்.

கடைசி வரியை எழுதிவிட்டுப் பார்த்தேன், நன்றாக இல்லை. அடிக்காமல் விடுகிறேன்.

அக்கா

*

தேர்வாய் கண்டிகை
24-9-2024

அக்காவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. உடம்பு பரவாயில்லை. மாமா சௌக்கியமா?

ஸ்ரீஜாவின் நைனா புகார் கொடுத்துவிட்டார். அக்டோபர் ஏழாம் தேதி திருவள்ளூரில் தொழிலாளர் ஆபீசில் விசாரணை. கம்பெனி தன் பதிலை எழுதிவிட்டது. என்னவென்று கேள்.

ஸ்ரீஜாவின் லாக்கரில் உன் கதை இருந்ததாம். அவள் லாக்கரில்தான் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறது, அதனால் நீ அனுப்பிய தாள்களை எப்போதும் அதில் வைப்போம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு வந்த அத்தியாயத்தையும் பழக்கத்தில் நான்தான் அதற்குள் வைத்தேன். வார்டன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். தொழிலாளி பேய்க்கதை படித்து மனம் பேதலித்திருந்தார், கதையில் வருவதுபோல இடது கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் பேயைப் பார்க்க முயன்றார், மிஷினில் குறை இல்லை. இதுதான் பதில். 41ஆம் அத்தியாயம் ஆதாரமாக இணைக்கப்பட்டிருக்கிறது.

கேசவ் நாஷ்டா நேரத்தில் எங்களைக் கூட்டி வைத்து, "பேய்க்கதை படிச்சா இப்டித்தாம்மா. கையெழுத்துப் போட்டுட்டு வேலையப் பாருங்க, பேஜார் பண்ணாதீங்க" என்றான். ஸ்ரீஜா எந்நேரமும் கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள் என்று ஒரு தாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வாடகை ரசீது மாதிரி நீட்டினான். பேனாவும் அவனுடையதுதான்.

நீ எழுதினது என்ன ஆகியிருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும், அதற்காக எழுதினேன். வேறொன்றும் இல்லை.

பூமிகா

*

செவ்வாப்பேட்டை
28-9-2024

பூமி,

எல்லாரும் என்றால் நீயும்தான். அதை எழுத உனக்குக் கை வரவில்லை. அதற்காக உன்னைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். அது யாருடைய பேனா என்று எனக்குச் சொன்னாயே, அதுவே போதும்.

இப்போது கவனமாகப் படி. ஸ்ரீஜாவின் விரல் போனது ஜூலை ஒன்பது. நான் 41ஐ எழுதியது ஜூலைக் கடைசியில். அவள் அதைப் படித்திருக்கவே முடியாது. என் கதையைப் பார்த்து அவள் கையுறையைக் கழற்றவில்லை. அவள் கழற்றியதைப் பார்த்துத்தான் என் கதையில் கையுறை வந்தது. 40 வரை எங்கேயும் யாரும் கையுறையைக் கழற்றவில்லை. அந்த முட்டாள்கள் தேதியைப் பார்க்கவில்லை. கதைக்கு ஏது தேதி என்று நினைத்திருப்பார்கள்.

ஆனால் ஆப்பில் வந்த தேதியை மட்டும் காட்டினால் போதாது. நான் உங்களுக்கு முன்கூட்டியே அனுப்புகிறவள் என்பது ஹாஸ்டலுக்கே தெரியும். ஜூன் மாதமே அனுப்பிவிட்டேன் என்பார்கள். நான் எப்போது, எங்கிருந்து எடுத்தேன் என்பதற்கு ஒரே சாட்சி உன்னுடைய ஜூலை 12 கடிதமும், விரல் குவிந்திருந்ததா என்று நான் கேட்ட கடிதமும், அதற்கு நீ எழுதிய பதிலும்தான். உறையில் கும்மிடிப்பூண்டி தபால் முத்திரை தெளிவாக இருக்கிறது. கையுறை சைஸ், சாவி, கேசவ் சொன்னது எல்லாம் அதில் உன் கையெழுத்தில் இருக்கிறது.

அதைக் கொடுத்தால், நீ போட்ட கையெழுத்து பொய் என்று ஆகும். உன் வேலை அன்றைக்கே போகும். கொடுக்காவிட்டால் ஸ்ரீஜா பைத்தியக்காரி என்று எழுதி மூடிவிடுவார்கள்.

ஒரு தடவை உன்னைக் கேட்காமல் எடுத்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். கொடுக்கட்டுமா?

அக்கா

*

தேர்வாய் கண்டிகை
3-10-2024

அக்காவுக்கு,

கொடு.

விரல் குவிந்திருந்ததா என்று நீ கேட்ட கடிதத்தையும் உன் மற்ற கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கொடு. உன்னைத் திட்டி எழுதினதையும் கொடு, நீ திருப்பித் திட்டினதையும் கொடு. நடுவில் ஒன்றை உருவினால் மற்றதை நம்ப மாட்டார்கள்.

நானும் கையெழுத்துப் போட்டேன். பூமிகா, த/பெ அப்பாவு. ஏழாவது பேர். அது பொய் என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன், அதையும் கொடு. எனக்கு அன்று லீவு தர மாட்டார்கள்.

இந்தக் கவரை ஹாஸ்டலில் போடவில்லை. இப்போது வெளியே போகும் கவரையும் பிரிக்கிறார்கள். புது மிஷின் பெண் ஊருக்குப் போகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

பூமிகா

*

செவ்வாப்பேட்டை
10-10-2024

அன்புள்ள பூமிக்கு,

இது உன் கையில் கிடைக்குமா, அதற்குள் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்களா, தெரியவில்லை. அனுப்பினால் நேரே இங்கே வா. உனக்கென்று ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். அதில் வேறு ஷிப்ட் யாரும் இல்லை.

உன் மாமாவிடம் முதல் நாள் சொன்னேன். "டேட்டா என்ட்ரின்னு சொன்னியேடி" என்று மட்டும் கேட்டார். காலையில் லீவு போட்டுக்கொண்டு கூட வந்தார்.

கம்பெனி ஆள் 41ஆம் அத்தியாயத்தை எழுந்து நின்று படித்தான். ஃபேன் சத்தத்தில், குமாஸ்தாக்கள் நடுவில், என் டியூக். ஒருத்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எழுபதாயிரம் பேர் அழுத வரி, பூமி. ஒரு மனுஷியின் கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது.

நான் எழுந்து, எழுதியது நான்தான், என் பெயர் சுமலதா என்றேன். கையுறையைக் கழற்றும் யோசனை எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டார். திருடினேன் சார் என்றேன். யாரிடமிருந்து என்றார். ஸ்ரீஜா அந்தப் பக்கம் நைனாவோடு உட்கார்ந்திருந்தாள், கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு. அவளைக் காட்டினேன். பிறகு கடிதங்களைத் தேதி வரிசையில் வைத்தேன். அவர் முத்திரைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். உன் ஜூலை 12 கடிதத்தை உரக்கப் படிக்கச் சொன்னார். கம்பெனி ஆட்களோடு உட்கார்ந்திருந்த கேசவின் பெயர் வந்தபோது அவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சாவி அங்கே இருந்ததோ இல்லையோ. ஆனால் அதிகாரி பார்த்தார், எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு ஒன்றும் வரவில்லை. மிஷினின் பதிவுகளைக் கேட்டிருக்கிறார்கள், அடுத்த மாதம் மறுபடியும் வர வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லாதே. கம்பெனியின் பேய்க்கதைப் பதில் எடுபடவில்லை, அது மட்டும் சொல்.

வெளியே வராந்தாவில் ஸ்ரீஜாவிடம் மன்னிப்புக் கேட்க வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவளே ஆரம்பித்தாள். வேலைக்காரர்கள் எங்கே தூங்குவார்கள் என்று அவள் கேட்டதற்கு நீ பதில் சொன்னாயாம். கூரைக்கு அடியில், உறைந்த தண்ணீரோடு. அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இன்னொரு சந்தேகமாம். நைனா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், இவள் நகரவில்லை.

"அக்கா, அவங்கல்லாம் செத்தப்புறம் யாரும் பேயா வர்லியா? டியூக்கு மட்டும்தான் வந்துகினு கீறானா?"

நாற்பத்து நான்கு அத்தியாயம் எழுதியிருக்கிறேன், பூமி. இருநூறு அறை உள்ள மாளிகை. ஒரு வேலைக்காரியைக்கூட நான் திரும்பி வர விட்டதில்லை.

அக்கா,
சுமலதா